மகேஷ் சந்திரரின் சிப்பாய்கள்

செஸ் வகுப்புக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையிடம் ‘காக்ரேன் கேம்பிட்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே காய்களை அடுக்கி ஆடிக் காட்டும். பெட்ராஃப் ஆட்டத்தின் நாலாவது நகர்விலேயே வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டும். குதிரை பலியாகும், ஆனால் கறுப்பு ராஜா வெட்டவெளிக்கு வந்துவிடுவார். பார்க்கவே பரபரப்பாக இருக்கும். ஜான் காக்ரேன் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் குதிரையை அவர் முதன்முதலில் யார்மேல் ஏவினார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் பதில் தெரிவதில்லை. 1848-ல் அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி.

காக்ரேனின் பெயர் ஓப்பனிங்கில் நின்றுவிட்டது. மகேஷ் சந்திரரின் பெயரில் ஓப்பனிங் எதுவும் இல்லை. இத்தனைக்கும் இன்று உலகம் முழுக்க ஆடப்படும் இரண்டு பெரிய தற்காப்பு ஆட்டங்களை, அவற்றைப் பற்றிப் புத்தகம் எதுவும் இல்லாத காலத்தில் கறுப்புக் காய்களோடு ஆடியவர் அவர்தான். ஒன்று கிங்ஸ் இந்தியன். இன்னொன்று க்ரூன்ஃபெல்ட்.

நான் ராயபுரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். காசிமேடு, கல்மண்டபம், சூரிய நாராயணா தெரு என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். போன வருஷம் என் மாணவி ஒருத்தி பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் போட்டியில் கறுப்பில் ஆடிவிட்டு ஸ்கோர் ஷீட்டோடு வந்தாள். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா மீன் ஏலத்தில் கூடை எடுத்து விற்கிறவர். அந்தத் தாளின் முதல் ஒன்பது வரிகளைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெள்ளை டி4, கறுப்புக் குதிரை எஃப்6. சி4, ஜி6. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு டி5. இ3, பிஷப் ஜி7. வெள்ளையின் இன்னொரு குதிரை எஃப்3, கறுப்பு கேஸ்லிங். சிப்பாய் டி5-ஐ வெட்ட, குதிரை திருப்பி வெட்டியது. வெள்ளை பிஷப் இ2, கறுப்புக் குதிரை சி3-ஐ வெட்டியது. பி-சிப்பாய் அதை வெட்ட, கறுப்பு சி5. வெள்ளை கேஸ்லிங்.

1855 மே மாதம் கல்கத்தாவில் காக்ரேன் வெள்ளையிலும் மகேஷ் சந்திரர் கறுப்பிலும் ஆடிய ஆட்டத்தின் தொடக்கம் எழுத்துப் பிசகாமல் இதேதான். அதற்கடுத்த வருஷம், 1856-ல்தான் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அவ்வளவு பழைய ஆட்டம். என் மாணவி அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கோச்சின் வீடியோவைப் பார்த்து ‘க்ரூன்ஃபெல்ட்’ என்ற பெயரில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மகேஷ் சந்திரர் ஏன் அப்படி ஆடினார் என்பது எனக்குப் புரிந்தது என் அப்பாவால். அவர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஐம்பதுகளிலேயே எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் வந்துவிட்டதால், திருவொற்றியூர் முழுக்க ஷிஃப்ட் கணக்கில் தூங்கி எழுந்த ஊர். காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் படிப்பகத்தில் உட்காருவார்கள். தினசரிகள் கிடக்கும். கேரம் போர்டு எப்போதும் ஆள் மேல் ஆளாக நிறைந்திருக்கும். ஓரமாக இரண்டு பேர் செஸ் ஆடுவார்கள். அதைச் சதுரங்கம் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். ஆடியதும் நாட்டு ஆட்டம்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் இவை. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான், முதல் நகர்விலும் இரண்டு கட்டம் தாண்ட முடியாது. கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டிக்கொள்ளலாம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் அந்த நேர்வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும், நினைத்தபடியெல்லாம் ராணி ஆகாது. இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. ஆனாலும் வங்காளத்திலிருந்து தமிழ்நாடு வரை அடிப்படை இதுதான். நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூரில் சிவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்ததாகத் தலபுராணம் சொல்கிறது.

சிப்பாய் ஒரு கட்டம் மட்டும்தான் போகும் என்றால் ஆட்டத்தின் தொடக்கமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நாலைந்து நகர்வு வரைக்கும் இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளவே மாட்டார்கள். அவரவர் தங்கள் வீட்டை ஒழுங்கு செய்வார்கள். அப்பா ஜி-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். அந்த இடைவெளியில் ஒரு காயை வைப்பார். டி-சிப்பாயையும் இ-சிப்பாயையும் ஒரு கட்டம் தள்ளுவார். ராஜாவை மூலையில் அடைத்துக்கொள்வார். அதுவரைக்கும் எதிராளி என்ன செய்கிறான் என்று ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பிறகு ஒரே நகர்வில் நடுவை உடைப்பார். நான் பள்ளியில் ‘இன்டர்நேஷனல்’ விதிகளைக் கற்றுக்கொண்டு வந்து முதல் நகர்விலேயே இ4 என்று இரண்டு கட்டம் தள்ளினால், “நடுவுல நிக்கிறவன் ரொம்ப நேரம் நிக்கணும்மா, கால் வலிக்கும்” என்பார்.

மகேஷ் சந்திரரும் அப்படிப்பட்ட நாட்டு ஆட்டக்காரர்தான். 1850-ல் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த செஸ் இதழ் ஒன்றுக்குக் கல்கத்தாவிலிருந்து ஒருவர் கடிதம் எழுதுகிறார். நாட்டுப்புறத்தில் ஒரு பிராமணர் இருக்கிறார், யாரிடமும் தோற்றதே இல்லை என்று கேள்விப்பட்டு, ஒருவர் அவரைத் தேடிப் போய் ஆடித் தோற்று, பிறகு காக்ரேனிடம் சேர்த்த கதை அதில் இருக்கிறது. ஐரோப்பிய விதிகளை அவர் அதற்குப் பிறகுதான் பழகியிருக்க வேண்டும். விதி மாறினாலும் கை பழகியது பழகியதுதான். இரண்டு கட்டம் தாண்டலாம் என்று அனுமதி கிடைத்த பின்னும் அவர் ஜி6, டி6, பிஷப் ஜி7 என்று வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைய ஐரோப்பியக் கண்ணுக்கு இது கோழைத்தனமாகத் தெரிந்திருக்கும். நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடி, காய்களை வேகமாக வெளியே கொண்டுவா, ராஜாவை அடி என்பதுதான் அந்தக் காலத்து வேதம். காக்ரேன் அந்த வேதத்தில் தேர்ந்த கை. இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். பெரும்பாலானவற்றில் ஜெயித்தவர் காக்ரேன்.

அந்த 1855 ஆட்டத்திலும் மகேஷ் சந்திரர் தோற்றார். முதல் பதினைந்து நகர்வுகளில் அவர் நிலை மோசமில்லை. வெள்ளை யானை சி5-க்கு வருகிறது. ராணி ஏ5-லிருந்து பி6-க்கு ஒதுங்குகிறார். யானை பி5-க்கு நகர்ந்து மறுபடி ராணியை மிரட்டுகிறது. ராணி டி8-க்குப் பின்வாங்குகிறார். 17-வது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5-ல் குதிக்கிறது. மகேஷ் சந்திரர் இ2-ல் இருந்த பிஷப்பை வெட்டிக்கொள்கிறார். குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது. இவர் தன் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் வெள்ளை ராணியைத் தாக்குகிறார். அவ்வளவுதான், மூன்று நகர்வில் மேட். குதிரை எச்6-ல் இரட்டைச் செக் வைக்கும். ராஜா எச்8-க்கு ஓடுவார். வெள்ளை ராணி ஜி8-ல் தன்னையே பலி கொடுப்பார். யானை அவரை வெட்டியாக வேண்டும். குதிரை மறுபடி எஃப்7-க்கு வந்து, சொந்தக் காய்களுக்கு நடுவே அடைபட்ட ராஜாவை முடிக்கும். அழகான முடிவு. காக்ரேனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் எழுதி வைக்காமல் போயிருந்தால் மகேஷ் சந்திரர் என்ற ஒருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

அறுபத்தேழு வருஷம் கழித்து, 1922-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியர் இதே ஜி6, டி5 ஏற்பாட்டைக் கையில் எடுத்து அலெகைனை வென்றார். ஐந்து வருஷத்தில் உலக சாம்பியன் ஆகப்போகிற அலெகைன் அவர். ஓப்பனிங்குக்கு க்ரூன்ஃபெல்டின் பெயர் வந்தது. அந்தப் பத்தாண்டில் நிம்சோவிச், ரெட்டி, டார்டகோவர் போன்றவர்கள் ஒரு புதிய சிந்தனையை முன்வைத்தார்கள். நடுக்கட்டங்களை எதிராளியே பிடித்துக்கொள்ளட்டும், நாம் தூரத்திலிருந்து காய்களால் அதைத் தாக்கி உடைப்போம் என்றார்கள். இது செஸ் வரலாற்றில் புரட்சி என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. புரட்சிதான். ஆனால் படிப்பகத்து மூலையில் அப்பா ஆடியதும் அதேதான். அவர்கள் யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடத்துக்கு நம்மவர்கள் ஒரு விதியின் கட்டாயத்தால் முன்னாலேயே வந்துவிட்டார்கள். காரணம் வேறாக இருக்கலாம். பலகையில் சிப்பாய்கள் நிற்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

‘இந்தியன்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அது மகேஷ் சந்திரர் காக்ரேனுடன் ஆடிய ஆட்டங்களால் வந்த பெயர். வெள்ளைக்காரருக்குச் சொந்தப் பேர் போட்டு ஓப்பனிங், நம்மவருக்கு நாட்டின் பேர் போதும் என்று விட்டுவிட்டார்கள். என் வகுப்பில் நான் க்ரூன்ஃபெல்டை ‘மகேஷ் சந்திரர் ஆட்டம்’ என்றே சொல்கிறேன். போட்டிக்குப் போனால் க்ரூன்ஃபெல்ட் என்று சொல்லுங்கள், இங்கே இப்படிச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

சிறு பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களில் உலகமே பேசிய ஒன்றும் இந்த ஓப்பனிங்தான். 1956 அக்டோபரில் நியூயார்க்கில் பதின்மூன்று வயது பாபி ஃபிஷர் கறுப்பில் ஆடி, டொனால்ட் பைர்னிடம் 17-வது நகர்வில் ராணியையே விட்டுக்கொடுத்து, 41-வது நகர்வில் மேட் வைத்தார். ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று பேர் வாங்கிய அதுவும் க்ரூன்ஃபெல்ட்தான். ஜி7-ல் நிற்கும் அந்த பிஷப் நீண்ட மூலைவிட்டத்தில் என்னவெல்லாம் செய்யும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல பாடம் இல்லை. இன்னும் கிட்டத்தில் வேண்டுமானால், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன பதினாலாவது ஆட்டம். அன்று டிங் லிரென் வெள்ளையில் ஜி3 வைத்து பிஷப்பை ஜி2-ல் நிறுத்தினார். க்ரூன்ஃபெல்டைக் கண்ணாடியில் திருப்பிய ஆட்டம் அது. 55-வது நகர்வில் டிங்கின் யானை எஃப்2-க்கு வந்த தவறுதான் ஆட்டத்தை முடித்தது. குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார், பிறகு பிஷப்களையும் மாற்றினார். மிச்சமிருந்த சிப்பாய் ஆட்டம் தானாக வென்றது.

சென்னையின் செஸ் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஆழ்வார்பேட்டையில் தொடங்குவார்கள். நியாயம்தான். கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் மானுவேல் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப் இல்லாமல் ஆனந்த் இல்லை. ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1960-ல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவையும், 1962-ல் ஸ்டாக்ஹோமில் போர்டிஷையும் ஊல்மனையும் வென்றவர். அந்தக் கிளப்பில் சோவியத் புத்தகங்களும் இதழ்களும் கிடைத்தன. பிள்ளைகள் ஆடியதை எழுதினார்கள், எழுதியதைத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். 1984-ல் கோயம்புத்தூரில் ஆசிய ஜூனியர் பட்டமும், 1987-ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலக ஜூனியர் பட்டமும் ஆனந்துக்குக் கிடைத்தன. உலக ஜூனியரை வென்ற முதல் இந்தியர் அவர்.

திருவொற்றியூரிலிருந்து ஆழ்வார்பேட்டைக்கு அப்பா ஒருநாளும் போகவில்லை. பஸ் மாறிப் போக வேண்டும், ஷிஃப்ட் ஒத்து வராது, அங்கே இங்கிலீஷில் பேசுவார்களோ என்ற தயக்கம் வேறு. வடசென்னைக்கென்று கேரமும் பாக்ஸிங்கும் இருந்தன. இரண்டு தடவை கேரம் உலக சாம்பியனான மரிய இருதயத்தின் பெயரைச் சொல்லாத மன்றம் இங்கே கிடையாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். எங்கள் பகுதியில் மூளையும் விரலும் எப்போதும் குறைந்ததில்லை. கேரமுக்கு ஸ்கோர் போதும். செஸ்ஸுக்கு நகர்வு முழுக்க எழுத வேண்டும், எழுதாத ஆட்டம் காற்றோடு போய்விடும். படிப்பகத்தில் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் எத்தனை வருஷம் ஆடினார்கள்! அதில் ஒரே ஒரு ஆட்டம்கூட இன்று என் கையில் இல்லை. அவர் நடுவை எந்த நகர்வில் உடைப்பார் என்பது என் ஞாபகத்தில் இருப்பது மட்டும்தான்.

அதனால்தான் இன்றைய ஜூனியர் போட்டிகளைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. பள்ளி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நடத்தி முடிக்கிற ரேபிட் போட்டிகள்தான் அதிகம். ரேபிடில் நகர்வுகளை எழுத வேண்டியதில்லை என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே சொல்கிறது. நேரம் குறைவு, விதியில் தப்பில்லை. மூன்று நாள், ஐந்து நாள் நடக்கும் கிளாசிக்கல் போட்டியில்தான் எழுதியாக வேண்டும். கார்பன் வைத்த தாளில் பிள்ளை எழுதும், மேல்தாள் போட்டி நடத்துகிறவர்களுக்கு, அடித்தாள் பிள்ளைக்கு. ஆனால் ஐந்து நாள் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக எந்தக் கூலிக்காரத் தாயால் முடியும்? ஒருநாள் போட்டியில் ஏழெட்டு ஆட்டம் ஆடிவிட்டு வரும் எங்கள் பிள்ளைகளிடம் “எப்படி ஜெயிச்ச?” என்று கேட்டால், “அவன் ராணிய விட்டுட்டான் மிஸ்” என்பதுதான் பதில். ஆட்டம் போய்விட்டது. தோற்ற ஆட்டமோ இன்னும் வேகமாக மறந்துபோகிறது. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எந்தப் போட்டியாக இருந்தாலும், ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், நினைவிலிருந்து எழுத வேண்டும். முதலில் பன்னிரண்டு நகர்வுதான் வந்தது. இப்போது முப்பது வரைக்கும் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தாளின் தலையில் இரண்டு பெயரும், தேதியும், ஊரும் கட்டாயம். தோற்றவர் பெயரை விடக்கூடாது.

அந்த மாணவியின் தாளும் காக்ரேன் ஆட்டமும் ஒரே நாளில் வகுப்புப் பலகைக்கு வந்தன. ஒன்பதாவது நகர்வு வரை இரண்டும் ஒன்று. மகேஷ் சந்திரர் அங்கே டி4-ஐ வெட்டினார். இவள் வெட்டாமல் பி6 வைத்து இன்னொரு பிஷப்பையும் நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தினாள். ஆட்டம் டிரா. “ஏன் வெட்டல?” என்று கேட்டேன். “வெட்டுனா அவங்களுக்கு நடு க்ளியர் ஆயிடும் மிஸ், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்” என்றாள். அப்பா இருந்திருந்தால் அவளுக்குத் தன் பங்கு டீயைக் கொடுத்திருப்பார்.

பிறகு 17-வது நகர்வில் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். குதிரை ஜி5-ல் நிற்கிறது, எஃப்7-ஐக் காப்பாற்ற வேண்டும். ஒரு பையன் எழுந்து வந்து இ6 என்றான், ராணியின் வழியை அடைத்துவிடலாம் என்று. நல்ல யோசனை. அப்படியானால் வெள்ளை பிஷப், ஜி4-ல் நிற்கும் கறுப்பு பிஷப்பை வெட்டும். “வெட்டட்டும், நான் என் ராணியால ஜி5 குதிரைய எடுத்துக்குவேன்” என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து என் மாணவிதான் பார்த்தாள். பி5-ல் நிற்கும் யானை அந்தக் கிடைவரிசை முழுக்க ஜி5 வரைக்கும் காவல் காக்கிறது. ராணி போய்விடும். மகேஷ் சந்திரர் இ6 வைக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அப்படியென்றால் ராணி 16-வது நகர்விலேயே டி8-க்குப் போயிருக்கக் கூடாது என்று ஒரு கட்சி. இல்லை, அதற்கு முன்னால் ஏ5-க்கு வந்ததே தப்பு என்று இன்னொரு கட்சி. இரண்டு தாளையும் ஒரே ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன். ஒன்றின் தலையில் ‘காக்ரேன் – மகேஷ் சந்திர பானர்ஜி, கல்கத்தா, 1855’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இன்னொன்றில் இரண்டு சிறுமிகளின் பெயர்கள், அவர்கள் கையெழுத்திலேயே.